கோப்பு வந்ததும் தகவல்: பகிர்ந்த கோப்புறைக்கு மின்னஞ்சல் அறிவிப்பு வைப்பது

மருதமுனையில் கைத்தறி நிலையம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கொழும்புக் கடைக்காரர் புதிய சாரி டிசைனை ஞாயிறு இரவே உங்கள் கூகுள் டிரைவ் கோப்புறையில் போட்டுவிட்டார். நீங்கள் அதைத் திறந்து பார்த்ததோ புதன் காலை. சாயம் போட்ட நூல் எடுக்கவும் பாவு ஓடவும் இருந்த நாட்கள் கைநழுவிப் போயின. அனுப்பிவிட்டேன் என்று அவர் சொல்வது உண்மை. எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்வதும் உண்மை. கல்முனையில் அச்சகம் வைத்திருப்பவர், சாய்ந்தமருதில் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைச் சேகரிக்கும் ஆசிரியர், அக்கரைப்பற்றில் கணக்கு எழுதும் கந்தோர்க்காரர் எல்லோருக்கும் இருப்பது இதே சிக்கல்தான்.

இப்போதைக்கு நம் ஊர்களில் இதற்கு வழி வாட்ஸ்அப். 'போட்டாச்சு, பாருங்க' என்று ஒரு செய்தி வரும். போட்டவர் அதை அனுப்ப மறந்தால் கதை முடிந்தது. டிசைனையே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னொரு நட்டம்: படம் சுருங்கி வரும், கரையின் நுணுக்கக் கோடுகள் மங்கிவிடும். கோப்பு கோப்புறையில் இருக்கட்டும். அது வந்த செய்தியை, யாரும் நினைவில் வைத்து அனுப்பத் தேவையில்லாமல், தானாக வரவழைப்போம்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் டிரைவில் இதற்கென்று ஒரு பொத்தான் இல்லை. உங்களோடு ஒருவர் புதிதாக எதையாவது பகிர்ந்தால், அனுமதி கேட்டால், கருத்து எழுதினால் டிரைவ் மின்னஞ்சல் அனுப்பும். ஏற்கெனவே பகிர்ந்த கோப்புறைக்குள் இன்னொரு கோப்பு வந்தால் அனுப்பாது. ஆகவே செட்டிங்ஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காவல் எங்கே நிற்க வேண்டும்?

கோப்புறையைக் கவனிக்கும் வேலையை உங்கள் கடைக் கணினியிடம் கொடுக்காதீர்கள். கணினியில் ஓடும் சிறு நிரல்கள் இதைச் செய்யும் என்பது சரிதான். ஆனால் கரண்ட் போனால் காவலும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்களே, அப்படியொரு நாளில் கொழும்புக்காரர் போடும் கோப்பைக் கல்முனையில் அணைந்து கிடக்கும் கணினி எப்படிக் கண்டுகொள்ளும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டும்போது கணினியையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நம்மில் அதிகம். இந்த அத்தியாயத்தில் உள்ள வழிகள் எல்லாம் இணையத்திலேயே ஓடுபவை. உங்கள் கணினி அணைந்திருந்தாலும் போனுக்கு மின்னஞ்சல் வரும்.

தொடங்குமுன்: 5 ஆயத்தங்கள்

1. தொழிலுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு திறவுங்கள். குடும்பப் படங்களும் வங்கிக் கடிதங்களும் கிடக்கும் சொந்தக் கணக்கை இந்த வேலைக்கு இணைக்க வேண்டாம். பின்னால் வெளிச் சேவை ஒன்றுக்கு அனுமதி கொடுக்கப்போகிறோம். அது பார்க்கக்கூடிய டிரைவில் இந்த ஒரு கோப்புறை மட்டும் இருப்பதே பாதுகாப்பு.

2. அந்தக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். கூகுள் தரும் பேக்கப் குறியீடுகளை அச்செடுத்து, கடைப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் கணக்குக்குள் போக அவைதான் வழி.

3. கோப்புறையை அந்தக் கணக்கிலேயே உருவாக்குங்கள். கோப்பு போட வேண்டியவர்களுக்கு அவர்களின் மின்னஞ்சல் முகவரியைக் குறிப்பிட்டு 'எடிட்டர்' அனுமதி கொடுங்கள். லிங்க் கையில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம் என்ற அமைப்பு வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய்விட்ட லிங்க் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

4. கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையை எல்லோருக்கும் சொல்லுங்கள். திகதி, யாருடையது, என்ன என்ற ஒழுங்கு போதும். '2025-03-04 கொழும்பு சாரி கரை 2' என்று பெயர் இருந்தால், மின்னஞ்சலின் முதல் வரியிலேயே விஷயம் விளங்கிவிடும். போன் கமெரா தானாக வைக்கும் எண் பெயரோடு வந்தால், அறிவிப்பு வந்தும் பிரயோசனமில்லை.

5. அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுங்கள். பொறுப்பாளர் ஒருவர், அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர். எட்டுப் பேருக்கு அனுப்பினால் மற்றவர் பார்த்திருப்பார் என்று எட்டுப் பேரும் இருந்துவிடுவார்கள்.

முதல் வழி: கூகுள் ஃபோர்ம்

பலரிடமிருந்து கோப்பு வாங்கவேண்டி, அவர்கள் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்கவும் கூடாது என்றால் இந்த வழியே சிறந்தது. பாடசாலைப் புள்ளி அட்டவணைக்கும் அச்சக வேலைக்கும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். கோப்புறையை யாருடனும் பகிரத் தேவையில்லை. அவர்கள் படிவத்தில் கோப்பை ஏற்றுவார்கள், அது உங்கள் டிரைவுக்கு வந்து சேரும்.

1. தொழில் கணக்கில் கூகுள் ஃபோர்மைத் திறந்து புதிய படிவம் தொடங்குங்கள்.

2. பெயர், தொலைபேசி இலக்கம், என்ன வேலை என்று மூன்று கேள்விகள் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் ஆட்கள் சலித்துத் திரும்பவும் வாட்ஸ்அப்புக்கே போய்விடுவார்கள்.

3. நான்காவது கேள்வியின் வகையை 'ஃபைல் அப்லோட்' என்று மாற்றுங்கள். டிரைவில் சேமிக்கச் சம்மதமா என்று கேட்கும், சம்மதம் கொடுங்கள். எந்த வகைக் கோப்பு, எத்தனை, எவ்வளவு பெரிது என்பதற்கும் அங்கேயே வரம்பு வைக்கலாம்.

4. 'ரெஸ்பொன்சஸ்' பகுதிக்குப் போய், மூன்று புள்ளிகளை அழுத்தி, புதிய பதில்களுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு என்ற வரியைத் தெரிவுசெய்யுங்கள்.

5. 'பப்ளிஷ்' செய்து லிங்கை அனுப்புங்கள்.

இவ்வளவுதான். படிவத்தில் உங்களோடு இன்னொருவரை எடிட்டராகச் சேர்த்திருந்தால், அவரும் தன் கணக்கில் நான்காம் படியைத் தனியே செய்ய வேண்டும். நீங்கள் இயக்கியது உங்களுக்கு மட்டுமே.

மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். கோப்பு ஏற்றுபவர் கூகுள் கணக்குக்குள் இருக்க வேண்டும். கணக்கில்லாத வாடிக்கையாளருக்கு இது சரிவராது. படிவம் மொத்தமாக வாங்கும் அளவு 1 ஜிபி என்றே முதலில் இருக்கும், நிறைந்ததும் படிவம் வாங்குவதை நிறுத்திவிடும். அச்சகக்காரர் முதல் நாளே செட்டிங்ஸில் அதைக் கூட்டிக்கொள்ளட்டும். ஏற்றப்படும் கோப்பெல்லாம் உங்கள் கணக்கின் இடத்தையே பிடிக்கும், இலவசக் கணக்கில் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான்.

இரண்டாம் வழி: கோப்புறைக்கே காவல்

கோப்பு போடுபவர் படிவம் நிரப்ப மாட்டார், கோப்புறையில்தான் போடுவார் என்றால், இடையில் ஒரு தானியக்கச் சேவை தேவை. ஸாப்பியர், மேக், ஐஎஃப்டிடிடி என்று சில உண்டு. ஸாப்பியரை வைத்துச் சொல்கிறேன், மற்றவையும் ஏறக்குறைய இப்படித்தான். ஸாப்பியர் இலவசத் திட்டத்தில் மாதம் 100 வேலைகள் செய்யும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்புறையைப் பார்க்கும். கைத்தறி ஓடருக்கு 15 நிமிடம் தாமதித்தால் ஒன்றும் குடிமுழுகாது.

1. தொழில் கணக்கின் மின்னஞ்சல் முகவரியால் ஸாப்பியரில் பதிவுசெய்யுங்கள்.

2. புதிய 'ஸாப்' ஒன்று தொடங்குங்கள். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். மேலே 'ட்ரிகர்', அதாவது எது நடந்தால். கீழே 'அக்ஷன்', அதாவது என்ன செய்ய வேண்டும்.

3. ட்ரிகருக்குக் கூகுள் டிரைவைத் தெரிவுசெய்து, நிகழ்வாக 'நியூ ஃபைல் இன் ஃபோல்டர்' என்பதை எடுங்கள். பட்டியலில் பக்கத்திலேயே 'நியூ ஃபோல்டர்' என்றும் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதை எடுத்தால் கோப்புறை உருவாகும்போது மட்டுமே தகவல் வரும்.

4. கணக்கை இணைக்கச் சொல்லும். இங்கே நின்று, திரையில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் படியுங்கள். உலாவியில் உங்கள் சொந்தக் கணக்கும் திறந்திருந்தால் அதையே முதலில் காட்டக்கூடும். தொழில் கணக்குத்தானா என்று உறுதிசெய்த பிறகு அனுமதி கொடுங்கள்.

5. எந்தக் கோப்புறை என்று குறிப்பிடுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்.

6. அக்ஷனுக்கு 'ஈமெயில் பை ஸாப்பியர்' என்பதை எடுங்கள். ஜிமெயிலையும் இணைக்கலாம், ஆனால் அப்போது உங்கள் அஞ்சல்பெட்டிக்கும் அனுமதி கொடுக்க வேண்டிவரும். தேவையில்லாத அனுமதியைக் கொடுக்காமலிருப்பதே நல்லது. 'ஈமெயில் பை ஸாப்பியரில்' மணித்தியாலத்துக்கு 10 மின்னஞ்சல் என்ற வரம்பு உண்டு.

7. பெறுநர் கட்டத்தில் ஆயத்தத்தில் முடிவெடுத்த இருவரின் முகவரிகள். தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் கோப்பின் பெயர், லிங்க் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துச் செருகுங்கள்.

8. சோதனை செய்து, 'பப்ளிஷ்' அழுத்துங்கள். பப்ளிஷ் செய்யாமல் விட்ட ஸாப் வெறும் வரைவுதான், அது ஓடாது.

மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்:

தலைப்பு: புதுக் கோப்பு – 2025-03-04 கொழும்பு சாரி கரை 2
உள்ளே: ஓடர் கோப்புறையில் புதிய கோப்பு வந்திருக்கிறது. திறக்க: (லிங்க்). பார்த்தவர் இந்த மின்னஞ்சலுக்கு 'பார்த்தேன்' என்று மற்றவருக்குப் பதில் எழுதவும்.

கடைசி வரி முக்கியம். தகவல் வந்தது வேறு, ஒருவர் பொறுப்பெடுத்தது வேறு. கோப்பையே இணைப்பாக அனுப்பாமல் லிங்க் மட்டும் அனுப்புங்கள். கோப்புத் திருத்தப்பட்டால் லிங்கில் இருப்பது திருத்திய கோப்பு. இணைப்பில் போனது பழையதாகவே நிற்கும், தறியிலும் பழைய டிசைன் ஏறிவிடும்.

அலுவலகத்தில் மைக்ரோசொஃப்ட் 365 இருந்தால்

உங்கள் வேலை எளிது. ஷெயார்பொயின்ட் நூலகத்தைத் திறந்து, மேலே 'ஆட்டோமேட்', 'ரூல்ஸ்', 'கிரியேட் அ ரூல்' என்று போய், புதிய கோப்பு சேர்ந்தால் என்ற விதியை எடுத்து, யாருக்கு என்று பெயர் குறிப்பிட்டால் முடிந்தது. பழைய கையேடுகள் சொல்லும் 'அலர்ட் மீ' வசதியை மைக்ரோசொஃப்ட் விலக்கிவருகிறது, புதிதாக அதை வைக்க வேண்டாம்.

மின்னஞ்சல் வாசகத்தை நீங்களே அமைக்க விரும்பினால் பவர் ஆட்டோமேட் இருக்கிறது. அலுவலகத் திட்டத்தோடு வரும் அதன் சாதாரண உரிமத்தில், 90 நாள் எந்தக் கோப்பும் வராமல் சும்மா கிடந்தால் உங்கள் அமைப்பு நிறுத்தப்பட்டுவிடும். ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் ஓடர் வரும் தொழிலுக்கு இது பொறி. வன்டிரைவுக்குள்ளேயே ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திய கோப்பை அது புதியதாகக் கொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைக் கணினியில்தான் கோப்புறை இருக்கிறது என்றால்

கடைக்குள் வயர் போட்டு இரண்டு மூன்று கணினிகள் ஒரே கோப்புறையைப் பாவிக்கும் இடங்கள் கல்முனையில் நிறைய. அங்கே 'டிரைவ் ஃபோர் டெஸ்க்டொப்' நிரலை நிறுவி, வேலைக் கோப்புறையை 'மை டிரைவ்' உள்ளேயே வையுங்கள். கணினியின் வேறோர் இடத்தில் இருக்கும் கோப்புறையை ஒத்திசைத்தால் அது டிரைவில் 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற தனிப் பகுதியில் போய் நிற்கும், ஸாப்பியரின் பட்டியலில் தேடினால் அகப்படாமல் போகலாம். கோப்பு இணையத்துக்கு ஏறி முடிந்த பிறகே அறிவிப்பு வரும். பெரிய கோப்பும் மந்தமான இணைப்பும் சேர்ந்தால் பொறுமை வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை கிடைத்தால்

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளை ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கக்கூடும். கூகுள் அப்ஸ் ஸ்கிரிப்டில் இதை அவர் எழுதிக் கொடுக்கலாம். மாதம் 100 என்ற வரம்பும் இல்லை. கேட்கும்போது இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்:

1. நேர ட்ரிகர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடட்டும். நேர வலயம் கொழும்பு.

2. எது புதிய கோப்பு என்பதைத் திகதியை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. போன மாதம் செய்த கோப்பை இன்று கோப்புறைக்குள் நகர்த்தினால் அதன் உருவாக்கத் திகதி போன மாதமாகவே இருக்கும், நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு கோப்புக்கும் டிரைவ் தரும் அடையாள எண்ணை ஒரு ஷீட்டில் எழுதிவைத்து, அதில் இல்லாத எண்ணுடையதே புதியது என்று கொள்ள வேண்டும்.

3. முதல் ஓட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைப் பதிவு மட்டும் செய்யட்டும், மின்னஞ்சல் வேண்டாம். இதை விட்டால் பழைய கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் பறக்கும். இலவசக் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் ஒரு நாளில் 100 பெறுநருக்கு மட்டுமே அனுப்ப முடியும், இருவருக்கு அனுப்பினால் 50 மின்னஞ்சலோடு சரி.

4. ஒரு ஓட்டத்தில் பல கோப்பு கண்டால் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் பட்டியலிடட்டும்.

5. மின்னஞ்சல் போன பிறகே 'பார்த்தது' என்று எண்ணைப் பதியட்டும். முன்பே பதிந்துவிட்டு அனுப்புவதில் தவறினால் அந்தக் கோப்பைப் பற்றி இனி ஒருபோதும் தகவல் வராது.

6. தினம் காலை 8 மணிக்கு, நேற்று எத்தனை கோப்பு வந்தது என்று ஒரு வரி. பூச்சியமாக இருந்தாலும் வர வேண்டும்.

ஆறாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். அறிவிப்பு வராத நாளில், கோப்பு வரவில்லையா, காவல் நின்றுபோய்விட்டதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. காலை மின்னஞ்சல் வரவில்லை என்றால் காவல் நின்றுவிட்டது என்று அன்றே தெரிந்துவிடும்.

நிரலை உங்கள் தொழில் கணக்கில் வைத்து, ட்ரிகரையும் அதிலிருந்தே இயக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கணக்கில் இருந்தால், படிப்பு முடிந்து அவர் வெளிநாடு போகும்போது உங்கள் அறிவிப்பும் போய்விடும். முதல் முறை அனுமதி கேட்கையில், இந்தச் செயலியைக் கூகுள் சரிபார்க்கவில்லை என்ற எச்சரிக்கை வரும். உங்கள் கணக்கில், உங்கள் கண்முன்னே எழுதிய நிரலாக இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். இணையத்தில் கண்டெடுத்த எதற்கும் அந்தத் திரையைத் தாண்ட வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

உட்கோப்புறை: மேலே சொன்ன ஸாப்பியர் ட்ரிகர் நீங்கள் காட்டிய கோப்புறையை மட்டும் பார்க்கும், அதற்குள் இருக்கும் கோப்புறைகளைப் பார்க்காது. கடைக்காரர் 'மார்ச்' என்று ஓர் உட்கோப்புறை திறந்து அதில் போட்டால் தகவல் வராது. வருகைக்கென்று உட்கோப்புறை இல்லாத ஒரே கோப்புறை வைத்து, பார்த்த பிறகு நீங்களே பிரித்து அடுக்குங்கள்.

அளவு தெரியாமல் வைப்பது: 40 ஆசிரியர்கள், ஆளுக்கு 3 வகுப்பு என்றால் தவணை முடிவில் 120 கோப்பு. ஸாப்பியரின் இலவச 100 அந்த வாரத்திலேயே தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஃபோர்ம், அல்லது தொகுத்து அனுப்பும் நிரல்.

சுழல்: வரும் மின்னஞ்சல்களைத் தானாகக் கோப்புறையில் சேமிக்கும் இன்னோர் அமைப்பையும் அதே கோப்புறைக்கு வைத்துவிடுவார்கள். அறிவிப்புக் கோப்பாகும், கோப்பு அறிவிப்பாகும், நிற்கவே நிற்காது.

லிங்க் திறக்காதது: மின்னஞ்சல் பெறுபவருக்குக் கோப்புறையில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அவருக்கு வருவது பூட்டிய கதவுக்கான விலாசம்.

ஸ்பாம்: முதல் மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த அனுப்புநருக்கு ஒரு ஃபில்டர் போட்டு, ஸ்பாமுக்கு ஒருபோதும் அனுப்பாதே என்பதைத் தெரிவுசெய்து, 'ஓடர்' என்று லேபலும் கொடுங்கள். அண்ட்ரொய்ட் போனில் அந்த லேபலுக்கு மட்டும் தனிச் சத்தம் வைக்கலாம்.

பாதுகாப்பு

போன் பூட்டியிருந்தாலும் மின்னஞ்சலின் தலைப்பு திரையில் தெரியும். மாணவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோயாளி விபரம் எதுவும் கோப்பின் பெயரில் வரக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளையின் புள்ளியை மேசையில் கிடக்கும் போன் ஊருக்குச் சொல்லக் கூடாது.

அறிவிப்பு வரத் தொடங்கியதும் உங்கள் ஆட்கள் லிங்கை யோசியாமல் அழுத்தப் பழகிவிடுவார்கள். இதுதான் மோசடிக்காரருக்கு வேண்டியது. முதல் நாளே சொல்லிவையுங்கள்: நம் அறிவிப்பு ஒருபோதும் கடவுச்சொல் கேட்காது. லிங்கை அழுத்திக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிட்டு, டிரைவை நேராகத் திறந்து கோப்பைத் தேடுங்கள்.

கோப்புறைக்குள் வந்ததாலேயே ஒரு கோப்பு நல்லதாகிவிடாது. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளில் டிரைவ் வைரஸ் தேடுவதில்லை. டிசைன் என்று சொல்லி இயங்கும் நிரல் கோப்போ கடவுச்சொல் போட்ட ஸிப்போ வந்தால், அனுப்பியவருக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகே திறவுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

1. உங்கள் கணக்கிலிருந்து போட்டுச் சோதிப்பது போதாது. கோப்பு போடப்போகும் ஒருவரின் கணக்கிலிருந்து போடச் சொல்லுங்கள்.

2. கடைக் கணினியை அணைத்துவிட்டு, போனில் மட்டும் மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள்.

3. மூன்று கோப்புகளை ஒரே நேரத்தில் போடச் சொல்லி மூன்றின் பெயரும் வருகிறதா என்று எண்ணுங்கள்.

4. பழைய கோப்பு ஒன்றை வேறு கோப்புறையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். தகவல் வரவில்லையென்றால், இனி நகர்த்தாமல் புதிதாக ஏற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள்.

5. பெறுநர் இருவரும் தத்தமது போனில் லிங்கைத் திறக்கட்டும்.

காலை மின்னஞ்சல் அனுப்பும் நிரல் உங்களிடம் இல்லையென்றால், வாரத்தின் முதல் வேலை நாளில் 'சோதனை' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பைப் போடுவதை வழக்கமாக்குங்கள். அரை மணித்தியாலத்துக்குள் தகவல் வராவிட்டால் ஸாப்பியரின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கணக்கின் இணைப்பு அறுந்திருக்கும், கடவுச்சொல் மாற்றிய பிறகு இது நடப்பதுண்டு. திரும்ப இணைத்தால் ஓடும். இடைப்பட்ட நாட்களில் வந்த கோப்புகளைக் கோப்புறையில் திகதி வாரியாக அடுக்கி, கையால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அன்றைக்கே கோப்புறை அனுமதியிலிருந்தும் பெறுநர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள், தொழில் கணக்கின் மீட்பு இலக்கம் அவருடைய போனாக இருந்தால் அதையும் சேர்த்து.